மலைக் குளிரும் மின்கலமும்



அப்புத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலை முதுகின்மேல் அமைந்திருக்கிறது. தெளிந்த காலை வேளையில் அங்கு நின்று தெற்கே நோக்கினால், காலடியில் தாழ்ந்து விரியும் சமவெளியும், அதற்கப்பால் தென்கடலின் ஒளிக்கோடும் கண்ணுக்குப் புலனாகும். நண்பகல் கழிந்தால் நிலைமை வேறு. அதே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து, தேயிலைச் சரிவுகளைத் தழுவி, புகையிரதப் பாதையைக் கடந்து, சில நிமிடங்களில் ஊரையே விழுங்கிவிடும். காலையில் வெயில், மாலையில் பனி. எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இவ்வாறே கழிகிறது.

இக்காட்சியைக் காண வருவோரில், விடுதிகளில் தங்குவோர் ஒருபுறமிருக்க, அண்மைக் காலத்தில் கூடாரம் கொண்டு வருவோரும், படுக்கை, அடுப்பு, விளக்கு ஆகிய அனைத்தையும் உள்ளே அமைத்துக்கொண்ட வண்டிகளில் வருவோரும் உளர். அத்தகைய வண்டியை இப்பேச்சில் நாம் வீட்டு வண்டி என்று அழைப்போம். அதன் கூரையில் சூரிய ஒளியை மின்னாக மாற்றும் பலகை இருக்கும். உள்ளே மின்னைச் சேமித்து வைக்கும் மின்கல அடுக்கு, அதாவது நாம் வழக்கத்திற் பற்றரி என்பது, இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அப்பெட்டிதான் மின்னேற்றக் கட்டுப்படுத்தி. கடைக்காரர் அதனைச் ‘சார்ஜ் கொன்றோலர்’ என்பார். அதன் முகப்பிற் சில இலக்கங்கள் தோன்றும். ஒரு பச்சை விளக்கும் எரியும். அந்த இலக்கங்களைப் பற்றியும், அந்தப் பச்சை விளக்கைப் பற்றியுமே இன்று நான் பேச விழைகிறேன்.

இது மலைக்கு உலாவ வருவோருக்கு உரிய பேச்சு, நமக்கு இதனால் என்ன பயன் என்று தோட்டத்து நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பற்றரியும் நாமும் நெடுநாட் பழக்கமுடையவர்கள். மின்கம்பி எட்டாதிருந்த காலத்தில், பற்றரியைத் தோளிற் சுமந்து நகரத்துக் கடைக்குக் கொண்டு சென்று, மின்னேற்றி மீண்டும் சுமந்து வந்து தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். பின்னர், 1997ஆம் ஆண்டிற்கும் 2011ஆம் ஆண்டிற்கும் இடையில், உலக வங்கி முதலியவற்றின் உதவியோடு அடுத்தடுத்து நடைபெற்ற இரு திட்டங்களின் வழியாக, இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சூரிய விளக்குப் பெற்றன. ஊவா மாகாணத்துக் குடும்பங்கள் பலவும் கடன் பெற்று அவற்றை அமைத்தன. மின்கம்பி வந்து சேர்ந்ததும் அவற்றுட் பல மூலைக்குப் போயின. ஆனால் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, மூலையிற் கிடந்த பலகைகளை மக்கள் மீண்டும் தேடி எடுத்தனர். பலகை இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். பற்றரியோ, பேணத் தெரியாதவர் கையில் இரண்டு ஆண்டிலேயே மாண்டுவிடும். அதன் விலையோ ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாட் கூலியை விழுங்கவல்லது. ஆகையால் இப்பொருள் உல்லாசத்திற்கு மட்டும் உரியதன்று.

நான் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மின்னைப் பற்றி ஆண்டுதோறும் மாணவர்க்கு உரைத்தவன். அப்படிப்பட்ட நானே இவ்விடயத்தில் தவறிழைத்தேன் என்பதை முதலிற் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு டிசெம்பர் விடுமுறையில், என் மருமகன் பழைய வான் ஒன்றைச் சீர்செய்து வீட்டு வண்டியாக்கினார். மின்னமைப்பை நான் பொறுப்பேற்றேன். மகள், மருமகன், பேத்தி, எட்டு வயதுப் பேரன் ஆகியோருடன், தம்பேத்தன்னத் தொழிற்சாலையைக் கடந்து, லிப்டன் இருக்கை என்று வழங்கும் மேட்டிற்குச் செல்லும் பாதையில், அனுமதி பெற்ற ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். 1890ஆம் ஆண்டிலே தோமஸ் லிப்டன் அமைத்த அத்தொழிற்சாலையிலிருந்து வாட்டிய கொழுந்தின் மணம் காற்றில் மிதந்து வந்தது. இரண்டு நாள் இன்பமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் முற்பகலில் இரண்டு மணி நேரம் வெயில் எறித்தது; கட்டுப்படுத்தியிற் பச்சை விளக்கும் எரிந்தது. பற்றரி நிரம்பிவிட்டது என்று அனைவரிடமும் பெருமையோடு சொன்னேன். பின்னர் மூடுபனி இறங்கிற்று.

அன்றிரவு பதினொரு மணியளவிற் பேரனுக்கு இழுப்புக் கண்டது. அவனுக்கு அது பழைய நோய். மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் பொறியை மகள் உடன் கொண்டு வந்திருந்தாள். அதற்கு வீட்டு மின் வேண்டும். பற்றரியின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டருடன் அதனை இணைத்தோம். பொறி ஒருமுறை உறுமியது. இன்வேட்டர் கீச்சிட்டது. பின்னர் அனைத்தும் அணைந்தன. மீண்டும் மீண்டும் முயன்றும் அதுவே நிகழ்ந்தது. இருளிற் குழந்தையின் மூச்சொலி மட்டுமே கேட்டது. அப்பொழுது பேத்தி கேட்டாள்: “தாத்தா, பகலில் பச்சை விளக்கு எரிந்ததே. நிரம்பிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

எனக்கு விடை தெரியவில்லை. வண்டியை இயக்கும் பற்றரி வேறாகவும், வீட்டுப் பாவனைக்குரிய பற்றரி வேறாகவும் இருந்தமையால், வண்டி மட்டும் இயங்கியது. பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த வளைவுப் பாதையில், விளக்கொளி பத்தடிக்கு அப்பாற் செல்லாத பனியில், மருமகன் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். வைத்தியசாலையை அடைந்தோம், உரிய மருந்து கிடைத்தது, விடியுமுன் குழந்தை உறங்கினான். நான் மட்டும் உறங்கவில்லை. பேத்தியின் கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இப்பொழுது கூறுகிறேன்.

பற்றரியினுள் நிகழ்வது யாது? 1859ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்ட ஈய அமிலக் கலமே இன்றும் நம் வண்டிகளில் உள்ளது. ஈயத் தட்டுகளும், ஈயவீரொட்சைட்டுத் தட்டுகளும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் நாம் வழங்கும் 12 வோல்ற்றுப் பற்றரி கிடைக்கும். நாம் மின்னைச் செலவிடும்போது இரு வகைத் தட்டுகளிலும் ஈய சல்பேற்று என்னும் பொருள் படிகிறது. மின்னேற்றும்போது அப்படிவு கரைந்து, தட்டுகள் பழைய நிலையை அடைகின்றன. படிவு புதிதாயின் எளிதிற் கரையும். கரையாமல் நாட்பட நின்றால் இறுகிப் பளிங்காகிவிடும். இறுகிய படிவு தட்டை மூடிக்கொள்ள, மின் உள்ளே செல்லவும் இயலாது, வெளியே வரவும் இயலாது. பற்றரிகளுட் பெரும்பாலானவை இவ்வாறே மாள்கின்றன. ஒருநாள் மிகையாகச் செலவிட்டமையால் அன்று. நாள்தோறும் சிறிது குறைய நிரப்பியமையால். அரை வயிற்றுணவால் மெலியும் மனிதனைப் போன்றது அதன் நிலை.

இனி நிரப்பும் முறைக்கு வருவோம். தோட்டத்துப் பீலியிற் குடம் நிரப்புவதை நினைவுகூருங்கள். குடம் வெறுமையாயிருக்கும்போது பீலியின் நீர் முழுவதையும் அதனுள் விடுகிறோம். கழுத்தளவு நிரம்பியதும், நீர் தெறித்து வீணாகாதபடி குடத்தைச் சற்றே ஒதுக்கி, மெல்லிய தாரையாகப் பிடிக்கிறோம். நிறைந்தபின் கசிந்து குறைவதை ஈடுசெய்யச் சில துளிகள் போதும். கட்டுப்படுத்தியும் இம்மூன்று படிகளிலேயே தொழிற்படுகிறது. முதற்படியிற் பலகை தரும் மின்னோட்டம் முழுவதையும் பற்றரிக்குள் விடும். இதனைக் கையேடுகள் ‘பல்க்’ என்னும். வோல்ற்றளவு குறித்த ஓர் எல்லையை எட்டியதும், அவ்வெல்லையில் நிறுத்தி, மின்னோட்டம் தானே குறைந்து வரும்வரை சில மணி நேரம் பிடிக்கும். இதனை ‘அப்சோப்ஷன்’ என்னும். கடைசியில் அதனிலும் தாழ்ந்த வோல்ற்றளவில் நிறைவைக் காத்து நிற்கும், இது ‘புளோட்’. கட்டுப்படுத்திகள் பலவற்றில் இக்கடைசிப் படியிற்றான் பச்சை விளக்கு எரிகிறது.

ஆகவே பச்சை விளக்கின் பொருள் யாது? பற்றரி நிரம்பிவிட்டது என்பதன்று. நாம் குறித்துக் கொடுத்த வோல்ற்றளவு எட்டப்பட்டது, குறித்த நேரம் கழிந்தது என்பது மட்டுமே. நாம் கொடுத்த இலக்கம் பிழையாயின், விளக்கும் அப்பிழையையே பச்சையாகக் காட்டும். மேலும், இறுகிய படிவுள்ள பற்றரியின் வோல்ற்றளவு சிறு வெயிலிலேயே விரைந்து உயரும். ஆகையால் நோயுற்ற பற்றரிக்கே பச்சை விளக்கு விரைவில் எரியும். அன்று முற்பகலில் என்னை ஏமாற்றியது இதுவே.

சரியான இலக்கம் எது? அது பற்றரியின் வகையைப் பொறுத்தது. 12 வோல்ற்று அமைப்பிற்கும், 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கும் உரிய பொதுவான அளவுகளைச் சொல்கிறேன். மூடி திறந்து நீர் ஊற்றும் சாதாரண ஈய அமிலப் பற்றரிக்கு இரண்டாம் படியின் எல்லை 14.4 முதல் 14.8 வோல்ற்று வரை. காப்புப் படிக்கு 13.2 முதல் 13.5 வரை. அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் மூடிய வகை, ஏ.ஜீ.எம். எனப்படுவது, 14.4 முதல் 14.7 வரை ஏற்கும். அமிலம் கூழாக உறைந்துள்ள ஜெல் வகைக்கு 14.1 அல்லது 14.2 போதும், அதற்கு மேற் சென்றாற் கூழிற் குமிழிகள் தோன்றி, மீளாத கேடு விளையும். இப்பொழுது பரவிவரும் லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகைக்கு 14.2 முதல் 14.4 வரை போதுமானது. இவை பொது அளவுகள். உங்கள் பற்றரியைச் செய்தவர் தாளில் அச்சிட்டுத் தந்துள்ள அளவு இவற்றினின்றும் வேறுபட்டால், அத்தாளின் சொல்லே முடிந்த முடிபு.

என் பிழையின் முதற் பகுதி இங்கேயே வெளிப்படும். முதலில் நான் வைத்திருந்தது ஜெல் வகைப் பற்றரி. அதற்கேற்பக் கட்டுப்படுத்தியை 14.1 வோல்ற்றில் வைத்திருந்தேன். அது பழுதானபின், விலை குறைவென்று நீர் ஊற்றும் வகையை வாங்கி அதே இடத்தில் வைத்தேன். புதிய பற்றரியின் தாள் 14.7 வோல்ற்றைக் கேட்டது. நான் தாளைப் படிக்கவுமில்லை, இலக்கத்தை மாற்றவுமில்லை.

பிழையின் இரண்டாம் பகுதி மலைக் குளிரைச் சார்ந்தது. குளிர்ந்த பற்றரி மந்தமானது. அதனை நிரப்ப வோல்ற்றளவைச் சற்று உயர்த்த வேண்டும். வெப்பமான பற்றரி துடிப்பானது. அதற்குத் தாழ்த்த வேண்டும். ஈய அமில வகைகளுக்குப் பொதுவான விதி, 25 பாகையினின்றும் ஒவ்வொரு பாகை குறைவிற்கும், கலமொன்றுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ற்று வரை உயர்த்துவது. இடையளவாக 4 என்று கொண்டால், ஆறு கலங்களுக்கு ஒரு பாகைக்கு 24 மில்லிவோல்ற்று ஆகும். டிசெம்பர் மாதத்து அப்புத்தளையில் வண்டியின் அடித்தட்டில் இருக்கும் பற்றரி 15 பாகையில் இருக்கிறது என்று கொள்வோம். பத்துப் பாகைக் குறைவிற்கு 0.24 வோல்ற்றுக் கூட்ட வேண்டும். 14.7 என்பது 14.94 ஆகிறது. அதே வண்டி பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவிற்கு இறங்கி, நண்பகல் வெயிலிற் பற்றரி 35 பாகையை அடைந்தால், 0.24 குறைத்து 14.46 ஆக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒரே பற்றரிக்கு, மலையேறியபோது ஓர் அளவும் மலையிறங்கியபோது வேறோர் அளவும் வேண்டியிருக்கின்றன. வேறுபாடு ஏறத்தாழ அரை வோல்ற்று.

இதனைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கு விளக்கத் தேவையில்லை. மழைக்காலக் கொழுந்தையும், ஊவாவின் ஜூலை, ஓகஸ்டு மாதத்து வறண்ட காற்றில் வந்த கொழுந்தையும் ஒரே நேர அளவில் வாட்டுபவர் உண்டோ? வானத்தைப் பார்த்து, கொழுந்தைக் கையால் தொட்டுப் பார்த்தல்லவா வாட்டும் நேரம் தீர்மானிக்கப்படுகிறது? பற்றரிக்கும் அத்தகைய கவனிப்பு வேண்டும். நற்பேறாக, அதனைத் தானே செய்யவல்ல கட்டுப்படுத்திகள் உள்ளன. சிறு கம்பியின் நுனியில் உள்ள வெப்ப உணரியைப் பற்றரியின் பக்கத்தில் ஒட்டிவிட்டாற் போதும். காற்றின் வெப்பமன்று, பற்றரியின் வெப்பமே கணக்கிற்குரியது என்பதை மறவாதீர்கள். அடுப்பு எரியும் அறையிற் கட்டுப்படுத்தியும், குளிர்ந்த அடித்தட்டிற் பற்றரியும் இருந்தால், கட்டுப்படுத்தியின் உடலிலுள்ள உணரி பிழையான செய்தியையே கூறும். எனக்குக் கிடைத்த உணரிக் கம்பி, வாங்கிய பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. தேவையற்ற உதிரி என்று எண்ணியிருந்தேன்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். வேண்டியது 14.94. கொடுத்தது 14.1. ஒவ்வொரு நாளும் 0.84 வோல்ற்றுக் குறைவு. பல மாதங்களாகப் பற்றரியை அரைப் பட்டினியில் வைத்துவிட்டு, பச்சை விளக்கைக் கண்டு மகிழ்ந்திருந்தேன். மலையிலிருந்து திரும்பியபின் ஆறு கலங்களின் மூடியையும் திறந்து, நீர்மானியால் அமிலத்தின் சாரடர்த்தியை அளந்தேன். நிறைந்த கலத்தில் 1.25 அல்லது அதற்கு மேற் காட்டவேண்டியது, 1.20ஐத் தாண்டவில்லை. ஓய்வில் இருக்கும்போது 12.4 வோல்ற்றுக் காட்டிய அப்பற்றரி, நெபுலைசர் கேட்ட பத்துப் பன்னிரண்டு அம்பியரைக் கொடுக்க முனைந்ததும் 10.5க்குக் கீழே சரிந்தது. இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்தது. அப்பொறி கால் மணி நேரம் ஓட மூன்று அம்பியர் மணி போதும். 100 அம்பியர் மணி என்று பெயர் பொறித்த பற்றரி அதனைத் தர இயலாமற் போயிற்று.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். கட்டுப்படுத்தி தன் முனையிலுள்ள வோல்ற்றளவையே அறியும். பற்றரியின் முனையில் உள்ளதை அறியாது. இரண்டிற்கும் இடையே 3 மீற்றர் தூரம் என்றும், 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி என்றும் கொள்வோம். போகவும் வரவும் 6 மீற்றர். அதனூடு 10 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.4 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். இலக்கத்தை எவ்வளவு சரியாக வைத்தாலும் மெல்லிய கம்பி அதனைத் தின்றுவிடும். ஆகையாற் கட்டுப்படுத்தியைப் பற்றரிக்கு அருகில் வையுங்கள். தடித்த கம்பியைப் பயன்படுத்துங்கள். வெயில் எறிக்கும்போது பல்மானியால் இரு முனைகளையும் அளந்து ஒப்பிடுங்கள்.

செலவின் எல்லையையும் குறித்தல் வேண்டும். மலிவான கட்டுப்படுத்திகள் பல, பற்றரி 10.7 அல்லது 11.1 வோல்ற்றுக்கு இறங்கும்வரை விளக்கை எரியவிடும். அவ்வளவிற் பற்றரி ஏறக்குறைய வெறுமையாகிவிடும். ஈய அமிலப் பற்றரியிற் பாதிக்கு மேற் செலவிடாதிருத்தல் நன்று. சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பற்றரி 12.1 அல்லது 12.2 காட்டினால் பாதி தீர்ந்தது என்று கொள்க. விளக்குகளை மட்டும் எரிப்போர், நிறுத்தும் எல்லையை 12 வோல்ற்றுக்கு அண்மையில் வைத்துக்கொள்ளலாம்.

லிதியம் வகை வைத்திருப்போருக்கு விதிகள் வேறு. குளிருக்காக வோல்ற்றளவை உயர்த்தும் ஏற்பாட்டை அவர்கள் நிறுத்திவிட வேண்டும். மற்றொன்று, உறைநிலைக்குக் கீழ் அதனை மின்னேற்றலாகாது. அப்புத்தளையில் அந்நிலை வருவதில்லை. ஆனால் 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில், சனவரி, பெப்ரவரி மாதத்து விடியற்காலைகளிற் புல்நுனியில் உறைபனி வெண்மையாகப் படிவதைக் கண்டவர்கள் பலர். அங்கே தங்குவோர் பற்றரியை வண்டியின் உட்புறத்தில் வைப்பது நலம்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை. நீர் ஊற்றும் பற்றரி நிறைவை அணுகும்போது ஐதரசன் வாயுவையும் ஒட்சிசன் வாயுவையும் வெளியிடும். காற்றில் ஐதரசன் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்து, உள்ளே அடுப்பேற்றும் வழக்கம் மலையில் உண்டு. ஆகையாற் பற்றரிக்குத் தனிப் பெட்டியும், அப்பெட்டியின் மேற்புறத்திலிருந்து வண்டிக்கு வெளியே செல்லும் காற்றுக் குழாயும் இன்றியமையாதவை. நேர் முனைக்கு அண்மையில் ஓர் உருகியும் வேண்டும். இணைக்கும்போது முதலிற் பற்றரியையும் பின்னர்ப் பலகையையும் கட்டுப்படுத்தியோடு இணையுங்கள். கழற்றும்போது பலகையை முதலிற் கழற்றுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தபின்னும் மூடுபனி மூடுபனியே. 100 வாற்றுப் பலகை நான்கு மணி நேர நல்ல வெயிலுக்கு 400 வாற்று மணி தரும். இழப்புகள் போகப் பற்றரியில் 300 அளவே சேரும். அது 12 வோல்ற்றிற் சுமார் 25 அம்பியர் மணி. பனி மூடிய நாளில் இதிற் சிறு பங்கே கிடைக்கும். ஆதலால் எங்கள் மலையில் தங்குவோர் காலை வெயிலை நம்ப வேண்டும். பலகையைக் கழற்றி வைக்கக்கூடியதாயின், காலையிற் கிழக்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள். கைத்தொலைபேசிகளை மின்னேற்றுதல் முதலிய வேலைகளை, இரண்டாம் படி முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பனி தொடர்ந்து நின்றால், வாரத்திற்கு ஒருமுறையேனும், இயந்திரத்தை ஓட்டியோ, வீட்டு மின்னில் இணைத்தோ பற்றரியை முற்றாக நிரப்புங்கள்.

என் பற்றரி என்னவாயிற்று என்று நேயர்கள் வினவலாம். இலக்கத்தைத் திருத்தினேன். உணரியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினேன். விளக்குகளையும் இன்வேட்டரையும் கழற்றிவிட்டு, தாளிற் கூறியபடி, 15 வோல்ற்றுக்கு மேற்பட்ட சமப்படுத்தும் மின்னேற்றத்தைத் திறந்த வெளியில், அருகிலிருந்து செய்தேன். இம்முறை மூடிய வகைகளுக்கும் லிதியம் வகைக்கும் ஒருபோதும் ஆகாது. பற்றரி சிறிது தேறியது, முற்றாகத் தேறவில்லை. சில மாதங்களின்பின் புதியது வாங்கினோம். புதியதன் தாளைக் கட்டுப்படுத்திக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

மறு ஆண்டு அதே மேட்டிற்குச் சென்றோம். இம்முறை பச்சை விளக்கு எரிந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையிற் பலகையின் இணைப்பைக் கழற்றி, விளக்குகளையும் அணைத்துப் பற்றரிக்குச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, பேத்தியின் கையிற் பல்மானியைக் கொடுத்தேன். அவளே முனைகளிற் பிடித்து, 12.7 என்று வாசித்தாள். பின்னர், நோய் ஏதும் இல்லாத வேளையிலேயே, தம்பியின் நெபுலைசரைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தாள். அது தடையின்றி ஓடிற்று. அதன்பின்பே அவள் உறங்கச் சென்றாள்.

நேயர்களே, உங்கள் வண்டியிலோ வீட்டிலோ ஒரு பற்றரி இருக்குமானால், நாளைக் காலை மூன்று வினாக்களைக் கேளுங்கள். அது எவ்வகை? அதன் தாள் கேட்கும் வோல்ற்றளவு எவ்வளவு? அது இருக்கும் இடத்தின் வெப்பநிலை யாது? இம்மூன்றிற்கும் விடை கண்டு, கட்டுப்படுத்தியின் இலக்கத்தை அவற்றோடு ஒப்பிடுங்கள். அதற்குப் பத்து நிமிடமே செல்லும். அப்பத்து நிமிடத்தை நான் செலவிடாமையால், ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்த இரவைக் கண்டேன். நீங்கள் அதனைக் காணாதிருப்பீர்களாக.